மதிலின்மேல் ஒரு சனிக்கிழமை

அந்த ஊருக்குப் போக எனக்கு விருப்பமில்லை. என் தங்கைக்கும் விருப்பமில்லை. அதை ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் எழும்பி, முட்டைப் பொரியல் வைத்த பாண் துண்டுகளைக் கடதாசியில் சுற்றிக் கட்டிக்கொண்டு, மூன்று ரயில் மாறிப் போனோம்.

2005ஆம் ஆண்டு, ஆடி மாதம். சிட்னியில் லிட்கம் வீட்டில் ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற காலம். ஜேர்மனியில் வெயில் கொளுத்தியது. தங்கையை நான் இருபது வருடமாகக் காணவில்லை. எண்பத்தைந்தில் அவள் கணவரைத் தேடிக் கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்குள் போனாள். இரண்டு வருடம் கழித்து என் கணவரின் படிப்புக்குக் கிடைத்த விசாவில் நான் சிட்னிக்கு வந்தேன். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ரெலிபோனும் படங்களும்தான். விமான நிலையத்தில் என்னை நோக்கி வந்த பெண்ணை முதலில் நான் யாரோ என்றுதான் நினைத்தேன். அவளும் எனக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டு வந்தாள்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். எழுப்பி இருத்துவது, குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. நான்கு கிழமை லீவு எடுப்பதற்காக அதற்கு முந்திய இரண்டு மாதமும் கிடைத்த ஷிப்ட் எல்லாவற்றையும் செய்தேன். விமானத்தில் ஒரு நாள் முழுக்க ஒரே கதிரையில் இருந்ததுதான் அந்த வருடம் எனக்குக் கிடைத்த நீண்ட ஓய்வு. பக்கத்திலிருந்தவர் கால் வலிக்கிறது என்று நடந்து நடந்து வந்தார். நான் அசையவே இல்லை.

தங்கை ஒரு ஹொட்டேலில் அறைகள் துப்புரவு செய்கிறாள். கிழமையில் ஆறு நாள். நான் போயிருந்த நாட்களில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கோடையில் ஹொட்டேல்காரர் யாரையும் விடமாட்டார்களாம். காலையில் அவள் வேலைக்குப் போய்விடுவாள். பின்னேரம் அவள் வந்து, சமைத்து, அதன் பிறகு அக்கா வந்திருக்கிறா என்று கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போடுவாள். வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மதில் ஊருக்குப் போய் வந்துவிட்டீர்களா? சுற்றிவரப் பழைய கல்மதில் நிற்கிற ஒரு சுற்றுலா ஊரைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

அவள் வீட்டில் ஒரு தடித்த அல்பம் இருந்தது. கனடாவிலிருந்து வந்த மச்சாள், லண்டனிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன், பாரிஸ்காரர், கொழும்பிலிருந்து வந்த சுவாமியார் ஒருவர். எல்லாரும் அதே கோபுர வாசலுக்கு முன்னால், அதே இடத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு படத்திலும் தங்கை இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள்தான்.

நான் போன மூன்றாவது கிழமை அவளுடைய கணவர் சாப்பாட்டு மேசையில் இருந்து, அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போகாமல் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் சனிக்கிழமை. வேண்டாம், வீட்டில் இருப்போம், படுத்து எழும்புவோம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் ஆசையோடு கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். நான் ஆசைப்படுகிறேன் என்று அவள் நினைத்தாள்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மா தொண்ணூற்றாறில் மன்னாரிலிருந்து என்னிடம் வந்தா. ஏழு வருடம் எங்களோடு இருந்தா. முதல் ஐந்து வருடமும் நல்லபடியாகப் போனது. ஞாயிறு பூசை, லிட்கம் கடைத்தெருவில் கொரியன்காரியிடம் சைகையில் பேரம், பின்வளவில் முருங்கை. பிறகு மறதி வந்தது. தண்ணீர்க் குழாயைப் பூட்ட மறந்தா. அடுப்பை மறந்தா. செபமாலையில் எந்த மறையுண்மைக்குப் பிறகு எது என்று மறந்தா. கடைசியில் என்னையும் மறந்து, தங்கையை வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடத் தொடங்கினா. ஒரு விடியற்காலை இரவு உடுப்போடு வீட்டைத் திறந்துகொண்டு போய், லிட்கம் ஸ்டேஷன் பெஞ்சில் தலைமன்னார் ரயிலுக்காகக் காத்திருந்தா. ஸ்டேஷன்காரர் ஒருவர் தன் ஜாக்கெற்றை அவவுக்குப் போர்த்திவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அம்மா விழுந்தால் தூக்க நான் ஒருத்திதான். என் கணவருக்கு முதுகு சரியில்லை. குடும்ப டொக்டர் மூன்றாம் முறையும் சொன்னபோது நான் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நிமிடக் கார் ஓட்டத்தில் ஒரு முதியோர் இல்லம். நான் வேலை செய்கிற இல்லம் அல்ல, வேறு ஒன்று. என் வேலை முடிந்து, அதே யூனிபோர்மோடு, அங்கே போவேன். வாசலில் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்து, தங்கள் தாயாருக்குப் போர்வை வேண்டும் என்று கேட்பார்கள். எடுத்தும் கொடுத்திருக்கிறேன்.

அம்மா ஒரு பிற்பகலில் போனா. அந்த நேரம் நான் என் வேலையிடத்தில் ஒரு போலந்து மூதாட்டிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் ரெலிபோன் லொக்கரில் இருந்தது.

தங்கைக்கு நான் சொன்னபோது அங்கே காலை. அவளுக்கு அப்போது ஜேர்மன் பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. அகதிப் பயணப் பத்திரத்தை வைத்துக் கேட்ட விசாவுக்குப் பதிலும் வந்திருக்கவில்லை. நிறைய நேரம் அழுதாள். பிறகு, "வீட்டிலதானே அக்கா? தன்ர கட்டிலிலதானே?" என்று கேட்டாள்.

நான் ஓம் என்றேன்.

ஒரு சொல்தான் சொன்னேன் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் போய் இறங்கிய நாளிலிருந்து அந்தக் கேள்வி திரும்ப வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் யாராவது வந்துபோனார்கள். நாங்கள் இருவரும் தனியாக ஒரு மணித்தியாலம் இருந்ததே இல்லை.

ரயிலிலும் பேசவில்லை. முதல் ரயிலில் அவள் தூங்கினாள், இரண்டாவதில் நான் தூங்கினேன். மூன்றாவது சின்ன ரயில், இரண்டு பெட்டி. அது சோள வயல்களுக்கு நடுவில் ஆடி ஆடிப் போனது. அதில் நிறையச் சுற்றுலாக்காரர் ஏறியதால் இருவருக்கும் இருக்க இடம் கிடைக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஊர் வாசலுக்கு நடக்கும்போதே என் முழங்கால் முறைப்பாடு செய்யத் தொடங்கியது.

ஊர் அழகுதான். அதைக் குறை சொல்ல முடியாது. சுற்றிவர ஆள் உயரத்துக்கு மூன்று நான்கு மடங்கில் கல்மதில். அதன் வாசல்களில் கூரான ஓட்டுக் கூரை போட்ட கோபுரங்கள். உள்ளே, குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் தெரிகிற வீடுகள், ஒவ்வொரு யன்னலிலும் சிவப்புப் பூச்சட்டி. தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்திருந்தது. அந்தக் கல்லில் கால் வைத்தால் ஒவ்வொரு அடியிலும் கணுக்கால் வேறு பக்கம் திரும்பும். அறுநூறு வருடமாக மனிதர் இதில் எப்படித் தண்ணீர் வாளி தூக்கினார்கள் என்றுதான் எனக்கு யோசனை போனது. வேலை மனதை விட்டுப் போவதில்லை. அந்தத் தெருவில் ஒரு சக்கர நாற்காலியை எப்படித் தள்ளுவது என்றும் யோசித்தேன்.

தங்கை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தாள். இது தானியக் களஞ்சியமாக இருந்தது. இது பெரிய மனிதர்கள் கூடிய மண்டபம். இந்த வாசலை இரவில் பூட்டிவிட்டால் அரசனே வந்தாலும் விடமாட்டார்கள். அவள் குரல், எங்கள் இல்லத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சாப்பாட்டு நேரங்களைச் சொல்லும் குரலைப் போல இருந்தது. கோபுர வாசலுக்கு முன்னால் என்னை நிறுத்தி, இரண்டடி இடது பக்கம் தள்ளி நிற்கச் சொல்லி, படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நானும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

சந்தைச் சதுக்கத்தில் ஒரு மணிக்கூடு. மணி அடிக்கும்போது இரண்டு சின்ன யன்னல் திறந்து இரண்டு பொம்மைகள் வரும் என்றாள். இருநூறு பேர் அண்ணாந்து நின்றோம். யன்னல் திறந்தது. ஒரு பொம்மை கோப்பையை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனது, மற்றது தலையைத் திருப்பியது. யன்னல் மூடியது. அவ்வளவுதான். ஒரு அமெரிக்கக்காரர் தன் மனைவியிடம், முடிந்துவிட்டதா என்று கேட்டது காதில் விழுந்தது.

வருடம் முழுக்க நத்தார்ச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. அந்த வெயிலில் அதற்குள் பனி தூவிய மரங்கள் நின்றன. குளிரூட்டி வேலை செய்தது. நாங்கள் இருவரும் ஒரு கண்ணாடித் தேவதையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வாங்கவில்லை. கடைக்காரி எங்களைப் பார்த்துக்கொண்டேயிருந்ததால் வெளியே வந்தோம்.

பாணை எங்கேயாவது நிழலில் இருந்து சாப்பிடலாம் என்று தேடினோம். நிழல் இருந்த பெஞ்சில் எல்லாம் ஆட்கள். கடைசியில் பெரிய கோயிலுக்குள் போனோம். தங்கை வழக்கப்படி தீர்த்தத் தொட்டியைத் தேடிக் கையை நீட்டினாள். அது லூத்தரன் கோயில், தொட்டி இல்லை. கையை அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். மரத்தில் செதுக்கிய பீடம் ஒன்று மேல்மாடியில் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் உலகம் முழுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னாள். மேலே ஏற வேண்டும் என்றதும் நான், கொஞ்சம் இருந்துவிட்டுப் போவோமே என்றேன். கல்லுக் கட்டடம், உள்ளே குளிர்மை. பின் வாங்கு ஒன்றில் இருந்தோம்.

நான் கண் விழித்தபோது யாரோ ஓர்கன் பழகிக்கொண்டிருந்தார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். தங்கை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. அவளுடைய விரல்களை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். நகத்தைச் சுற்றித் தோல் வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. என்ன துப்புரவு மருந்து அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும். ஊரில் நாங்கள் இருந்தபோது இந்தக் கைக்குத்தான் மருதாணி நன்றாகப் பிடிக்கும். அவளை எழுப்பவில்லை.

வாசலில் இருந்த அம்மணி வந்து அவள் தோளைத் தொட்டார். கோபமாக இல்லை. ஆனால் தங்கை துள்ளி எழும்பி, ஜேர்மன் மொழியில் மன்னிப்பு, மன்னிப்பு என்று நாலைந்து முறை சொன்னாள். வேலையிடத்தில் தூங்கிப் பிடிபட்டவளைப் போல அவள் முகம் இருந்தது. பீடத்தைப் பார்க்காமலே வெளியே வந்தோம்.

மிச்சம் இருந்தது மதில். மதிலின் உட்பக்கத்தில், கிட்டத்தட்ட உச்சியில், மரப்பலகை போட்ட ஒரு நடைபாதை ஊரைச் சுற்றி ஓடுகிறது. மேலே ஓட்டுக் கூரை. வெளிப்பக்கம் கல், அம்பு விடுவதற்கு வைத்த ஒடுங்கிய ஓட்டைகள். உட்பக்கம் மரக் கைப்பிடி, அதற்குக் கீழே வீடுகளின் பின்வளவு. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். படி செங்குத்து. நான் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினேன். நிழலில் நடக்கலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சுவரில் ஒவ்வொரு சில அடிக்கும் ஒரு கல்லில் பெயர் வெட்டியிருந்தது. யப்பான்காரர் பெயர், அமெரிக்கர் பெயர். போரில் குண்டு விழுந்து மதில் உடைந்தது, பிறகு இவர்கள் கொடுத்த உதவியில் திருப்பிக் கட்டினார்கள் என்றாள் தங்கை. அப்படியென்றால் இந்தத் துண்டு எங்கள் வயதுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் அதைப் பழையது என்று நம்பி நான் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

அவள் முன்னுக்கும் நான் பின்னுக்குமாக நடந்தோம். அவள் திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"அக்கா, அம்மாவின்ர கட்டிலை என்ன செய்தனீங்கள்?"

எந்தக் கட்டில் என்று கேட்டேன். எனக்கு விளங்கவில்லை என்று இல்லை.

"அம்மா கடைசியாப் படுத்திருந்த கட்டில். அதில இப்ப ஆரும் படுக்கிறவையோ? யன்னல் எந்தப் பக்கம் இருந்தது? நான் அந்த அறையைக் காணேல்லைதானே. ஒவ்வொரு நாளும் படுக்கேக்க நினைச்சுப் பாக்கிறனான், சரியா வருகுதில்லை."

ஏதாவது சொல்லியிருக்கலாம். யன்னல் இடது பக்கம், கட்டிலை மகனின் அறைக்கு மாற்றிவிட்டோம், மெத்தையை எறிந்துவிட்டோம். சொல்ல வேண்டியவை நாவின் நுனியில்தான் இருந்தன. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லி, பிறகு அவள் கேட்கப் போகும் அடுத்த கேள்விக்கும் ஒன்றைச் செய்து, அதை எல்லாம் நினைவில் வைத்திருக்க என்னால் முடியாது என்று பட்டது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா வீட்டில மோசம் போகேல்லை. ஹோமில இருந்தவ. அங்கதான் போனவ."

அவளும் நின்றாள். அப்போதும் திரும்பவில்லை.

"எத்தினை நாள் இருந்தவ?"

"பதினொரு கிழமை."

அவள் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது முதுகிலேயே தெரிந்தது. பிறகு திரும்பினாள். "நான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்தனான். அம்மா நித்திரை எண்டீங்கள். குளிக்கிறா எண்டீங்கள். ஒருக்கால் அத்தானோட கோயிலுக்குப் போட்டா எண்டும் சொன்னீங்கள்."

நான் சொன்னது ஒரு சொல் அல்ல. பதினொரு ஞாயிறு. அதை அவள் சொல்லும்வரை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. இரண்டு முறை ஹோமில் வைத்து அம்மாவின் காதில் என் கைரெலிபோனை வைத்துப் பேச வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது இன்னும் மோசமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எதிரே ஒரு யப்பானியக் கூட்டம் வந்தது. முப்பது பேர் இருக்கும். நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். ஒவ்வொருவரும் தலையைக் குனிந்து ஏதோ மரியாதை சொல்லிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஒடுங்கிப் போனார்கள். நாங்களும் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினோம். அது முடிய ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசி ஆள் போனதும் தங்கை, மெதுவாக, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"ஆற்றையோ அம்மாமாரை எல்லாம் நீங்கள்தானே பாக்கிறனீங்கள், அக்கா. அதுதானே உங்கட வேலை."

சொல்லிவிட்டு நடந்தாள். என்னால் அவ்வளவு வேகமாக நடக்க முடியவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு குடும்பம் வந்தது, பிறகு ஒரு சோடி. அவளுடைய நீலச் சட்டை தூண்களுக்கிடையில் தெரிந்து மறைந்து, ஒரு வளைவில் இல்லாமல் போனது.

நான் மெதுவாக நடந்தேன். அவளிடம் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். என் வேலையிடத்தில் ஒருவரைத் தூக்க இரண்டு பேர் வருவோம், இயந்திரம் இருக்கிறது, எட்டு மணித்தியாலம் முடிந்தால் இன்னொருத்தி வருவாள். வீட்டில் இன்னொருத்தி வருவதில்லை. அதெல்லாம் உண்மை. டொக்டரிடமும் கோயில் ஆட்களிடமும் அதைச் சொல்லித்தான் என்னை நியாயப்படுத்தியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓட எனக்கு வலு இருக்கவில்லை. ஒரு அம்பு ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அதற்குள்ளால் ஒரு தரிப்பிடமும், வரிசையாகச் சுற்றுலா பஸ்களும் தெரிந்தன. அதில் ஒன்றின் நிழலில் ஒரு சாரதி சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்தார்.

அடுத்த கோபுரத்தடியில், படி இறங்குகிற இடத்தில், அவள் இருந்தாள். போய்விட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். ரயில் ரிக்கெற் இரண்டும் அவளிடம்தான் இருந்தது, அதற்காகவும் இருக்கலாம். கண் சிவந்திருந்தது. மாவை உருட்டிப் பொரித்துச் சீனி தூவிய, அந்த ஊர்ப் பலகாரம் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். தேங்காயளவு பெரிது. என்னைக் கண்டதும் பாதியை உடைத்து நீட்டினாள். மாச்சுவையைத் தவிர ஒன்றும் இல்லை. இருவரும் சாப்பிட்டோம்.

"இஞ்ச நான் முப்பத்தோராம் நாள் பூசை வைச்சனான்," என்றாள். "வந்த ஆக்களுக்கு எல்லாம் சொன்னனான், அம்மா வீட்டில, பிள்ளையின்ர மடியில போனவ எண்டு. மடி எண்டது நானாச் சேத்தது."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தது. கேட்டேன். அவள் சீனியைப் பாவாடையிலிருந்து தட்டினாள். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

பிறகு, மதிலை முழுக்கச் சுற்றவேண்டுமா, அக்கா பார்க்க ஆசைப்படுகிறீர்களா என்று கேட்டாள். எனக்கு இந்த ஊருக்கு வரவே விருப்பம் இருக்கவில்லை, உனக்காகத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"எனக்கு இந்த ஊரைக் கண்ணில காட்டக்கூடாது," என்றாள். "இது பதினாலாம் தரம்."

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. அவள் வாயின் ஓரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தோம். சின்ன ரயில் எங்கள் கண்முன்னால் போனது. அடுத்ததற்கு ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலமும் அவள் ஸ்டேஷன் பெஞ்சின் ஒரு முனையில், நான் மறுமுனையில். நடுவில் பாண் சுற்றிய கடதாசியும் தண்ணீர்ப் போத்தலும்.

அதன் பிறகு நான் அங்கே ஐந்து நாள் இருந்தேன். ஆட்கள் வந்தார்கள். மதில் ஊர் எப்படி என்று கேட்டார்கள். நல்ல ஊர் என்று சொன்னேன். தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். என்னோடு அவள் முகம் கொடுக்காமல் இல்லை. அக்கா, குளிக்கத் தண்ணீர் சூடா, அக்கா, மீனா இறைச்சியா என்று கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு நிற்கமாட்டாள். போகிற நாள் என் பெட்டியை அவள்தான் அடுக்கினாள். ஹொட்டேல் மடிப்பு. ஒவ்வொரு சட்டையும் ஒரே அளவில். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது அவள் கை என் முதுகில் இரண்டு முறை தட்டியது. அவ்வளவுதான்.

சிட்னிக்கு வந்து ஐந்து மாதம் அவள் ரெலிபோன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் அவள் கணவர், அவள் வேலையில், தூங்குகிறாள், கடைக்குப் போய்விட்டாள் என்பார். நான் நம்பினேனோ இல்லையோ, சரி என்று வைத்துவிடுவேன். மார்கழியில் ஒரு நாள் அவளே எடுத்தாள். நத்தார்க் கேக்குக்கு அம்மா எத்தனை முட்டை போடுவா, ரவையை வறுத்தா போடுவா, வறுக்காமலா என்று கேட்டாள். இருபத்தைந்து முட்டை, ரவையை லேசாக வறுக்கவேண்டும் என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு ஞாயிறுகளில் பழையபடி எடுத்தாள்.

மூன்று வருடம் கழித்து அவள் சிட்னிக்கு வந்தாள். அவளுக்கு அப்போது பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. விமான நிலையத்திலிருந்து வரும்போதே, வேறெங்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், பாலத்தையும் ஒபராவையும் படத்தில் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டாள். அடுத்த நாள் அம்மாவை அடக்கம் செய்த லிட்கம் சேமக்காலைக்குப் போனோம். கல்லைத் துடைத்தாள், மெழுகுதிரி கொளுத்தினாள், காற்றுக்கு நிற்காமல் அது இரண்டு முறை அணைந்தது. காரில் ஏறியதும், அந்த ஹோமுக்குப் போக ஏலுமோ என்று கேட்டாள்.

நான் அம்மா போனதற்குப் பிறகு அங்கே போனதே இல்லை. பொறுப்பாக இருந்த தாதி புதியவர், அம்மாவைத் தெரியாது. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் அறைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கட்டிலில் ஒரு கிரேக்க மூதாட்டி இருந்தா. தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் போய்க்கொண்டிருந்தது. தங்கை அவவுக்குக் கைகூப்பி, யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தாள். கார்கள், ஒரு குப்பைத் தொட்டி, சிவப்புப் பூப்பூத்த ஒரு மரம். வாசல் பக்கம் திரும்பி நின்று பார்த்தாள். பிறகு கட்டில் பக்கம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிரேக்க மூதாட்டி ஏதோ கேட்டா, எங்களுக்கு விளங்கவில்லை. தங்கை குனிந்து, சரிந்து கிடந்த போர்வையின் நுனியை இழுத்து, மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகினாள். ஒரு சுருக்கம் இல்லை.

காரில் அவள், அம்மாவுக்குச் சாப்பாடு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டாள். அரைத்த மரக்கறி, அரைத்த கோழி, ஜெலி என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மீன் சொதியும் சோறும் குழைத்துக் கொண்டுபோவேன். இரண்டு கரண்டி சாப்பிடுவா, சில நாள் துப்புவா. பூசைக்குச் சுவாமி வருவாரா என்று கேட்டாள். மாதம் ஒருமுறை வந்தார். முடி வாரிவிட்டது யார் என்று கேட்டாள். நான் போகிற நாளில் நான், மற்ற நாளில் ஒரு பிலிப்பீன்காரி. அவ நல்லவ, இரட்டைப் பின்னல் போட்டுவிடுவா. இப்படி அவள் கேட்கக் கேட்க நான் இருந்ததை இருந்தபடி சொன்னேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவள் அழுதாள். அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. விளக்கு மாறியது.

வீட்டுக்கு வந்ததும் களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் படுக்கப் போகிறேன் என்றாள். முதல் நாள் இரவு படுத்த அறைக்குப் போகவில்லை. நேரே அம்மாவின் அறைக்குப் போய், சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அம்மாவின் கட்டிலில் சரிந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றி, கால்மாட்டில் வைத்துவிட்டு, அடுத்த நாள் ஷிப்டுக்கு யூனிபோர்மை அயர்ன் பண்ணப் போனேன்.